வயது வந்தபின் கத்தோலிக்கராவது எப்படி? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாரிமுனை அரண்மனைக்காரத் தெருப் பக்கம் போனால் கூட்டத்தைப் பார்க்கலாம். புனித மரியன்னை இணைப் பேராலயத்து அந்தோணியாரைத் தேடி வருகிறவர்கள். நெற்றியில் திருநீறு, கையில் மெழுகுவத்தி, மனதில் ஏதோ ஒரு வேண்டுதல். பிப்ரவரி 11 அன்று பெரம்பூர் லூர்து மாதா கோயில் திருவிழாவிலும் இதே காட்சிதான். ஆகஸ்ட் கடைசியில் காவி கட்டிக்கொண்டு காசிமேட்டிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடக்கிறவர்களில் ஞானஸ்நானம் பெறாதவர்கள் எத்தனையோ பேர்.

இவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. வரலாம், வேண்டலாம், போகலாம். ஆனால் சிலருக்கு மட்டும் ஒரு கட்டத்தில் வேறு கேள்வி வருகிறது: "நான் இந்த வீட்டு ஆளாகவே ஆக முடியுமா?" செவ்வாய்க்கிழமை வருகிறவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறவராக மாறுவதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத் திருச்சபை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறது. அதை எப்படிக் கடப்பது, எங்கே யாரைப் பார்ப்பது, எதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில், நீங்கள் யார்?

எல்லாருக்கும் ஒரே வழி இல்லை. பங்குத்தந்தை (உங்கள் பகுதிக் கோயிலின் பொறுப்பில் இருக்கும் ஃபாதர்) கேட்கும் முதல் கேள்வியே "ஏற்கெனவே ஞானஸ்நானம் எடுத்திருக்கீங்களா?" என்பதுதான். பதிலைப் பொறுத்து வழி மாறும்.

எங்கேயும் ஞானஸ்நானம் பெறாதவர் என்றால் முழுப் பயணமும் உங்களுக்கு உண்டு. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி உங்களுக்காகத்தான்.

சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற சபைகளில் தண்ணீரால், "தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால்" என்று சொல்லித் திருமுழுக்கு (ஞானஸ்நானத்தின் இன்னொரு பெயர்) பெற்றவர் என்றால், மறுபடியும் திருமுழுக்குக் கிடையாது. ஒருவருக்கு ஒரு திருமுழுக்குதான் என்பது கத்தோலிக்கப் போதனை. "சேர்றதுன்னா மறுபடி தண்ணி ஊத்தணும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய சபையின் சான்றிதழைத் தேடி எடுங்கள். அதன்பின் தேவையான போதனை, பாவசங்கீர்த்தனம் (பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது), நம்பிக்கை அறிக்கை, உறுதிபூசுதல் (எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு), நற்கருணை (பூசையில் வாங்கும் அப்பம்; பேச்சுவழக்கில் 'நன்மை'). பயணம் பொதுவாகச் சுருக்கமானது.

பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் மாடி வீட்டில் நடக்கும் சபைகள் ஏராளம். எல்லாரும் ஒரே மாதிரி செய்வதில்லை. மூவொரு கடவுளின் (தந்தை, மகன், தூய ஆவி) பெயரால் கொடுத்திருந்தால் செல்லும். "இயேசுவின் நாமத்தில்" என்று மட்டும் சொல்லிக் கொடுக்கிற சபைகள் உண்டு. அதைத் திருச்சபை ஏற்காது. எந்த வார்த்தை சொன்னார்கள் என்று பாஸ்டரிடமோ கூட இருந்தவர்களிடமோ கேட்டுக்கொண்டு போங்கள்.

குழந்தையிலேயே கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்று, அதன்பிறகு கோயில் வாசலையே மிதிக்காதவர்கள் இன்னொரு வகை. நீங்கள் சேர வேண்டியதே இல்லை, ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள். விடுபட்டது முதல் நன்மையும் உறுதிபூசுதலும் என்றால் அதற்குத் தயாரிப்பு. எல்லாம் முடித்துவிட்டு விலகிப்போனவர் என்றால் ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம். வேறு வேலை இருந்தால் ஃபாதரே சொல்வார்.

ஏன் என்பதை உங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளுங்கள்

அதிகம் கேள்விப்படும் காரணம் காதல் கல்யாணம். பெண் வீட்டிலோ பையன் வீட்டிலோ "ஞானஸ்நானம் எடுத்தால்தான் கல்யாணம்" என்று நிற்பார்கள். இது குடும்பத்தின் நிபந்தனை, திருச்சபையின் நிபந்தனை அல்ல. கத்தோலிக்கரும் ஞானஸ்நானம் பெறாதவரும் மறைமாவட்ட ஆயரின் (பிஷப்பின்) விலக்கு பெற்றுக் கோயிலிலேயே கல்யாணம் செய்துகொள்ளலாம். மாற வேண்டியதில்லை. கத்தோலிக்கத் தரப்பு தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வதாகவும் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கு மற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். என்னைக் கேட்டால், கல்யாணத் தேதியை வைத்துக்கொண்டு ஞானஸ்நானத்துக்கு ஓடாதீர்கள். முதலில் கல்யாணம் முடியட்டும். விருப்பம் உண்மையானது என்றால் அது அடுத்த வருடமும் இருக்கும்.

இன்னொரு காரணம் வேண்டுதல். "புள்ளைக்கு உடம்பு சரியானா நான் வேதத்துல சேர்றேன்னு மாதாகிட்ட சொல்லிட்டேன்" என்பார்கள். அந்த நன்றி பெரிய விஷயம், யாரும் அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் நேர்த்திக்கடனை முடிப்பது போல் முடித்துவிட்டுப் போகக்கூடிய காரியம் இல்லை இது. மாதாவுக்குச் செய்த வாக்கில் தொடங்குகிறவர் மாதாவின் மகனைத் தெரிந்துகொள்ளும் இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

பள்ளிக்கூட சீட்டுக்காகவோ வேலைக்காகவோ என்றால் நிறுத்திவிடுங்கள். ஆசை காட்டியோ வற்புறுத்தியோ யாரையும் சேர்க்கக் கூடாது என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே திட்டவட்டமாகத் தடை போட்டிருக்கிறது. உங்களை யாராவது அப்படி இழுத்தால் அவர் திருச்சபையின் பேச்சைக் கேட்காதவர்.

முதல் சில மாதங்கள்: சும்மா வந்து உட்காருங்கள்

யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாருங்கள். ராயபுரம் புனித பேதுரு ஆலயத்துக்கோ பெரம்பூருக்கோ போகலாம், உங்கள் தெருக்கோடியில் இருக்கும் சின்னக் கோயிலுக்கும் போகலாம். நான் சின்னக் கோயிலைத்தான் சொல்வேன். திருத்தலத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துவிடலாம், சின்னக் கோயிலில் மூன்றாவது வாரமே "எங்க வீடு?" என்று ஒரு பாட்டி கேட்டுவிடுவார். அதுதான் நல்லது.

பாரிமுனைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று. அதே தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மீனியர் கோயில் இருக்கிறது. அழகான இடம், அமைதியான இடம், ஆனால் அது கத்தோலிக்கக் கோயில் அல்ல.

நடைமுறை எளிமையானது. பல இடங்களில் செருப்பை வெளியே விடுவார்கள், பெண்கள் தலையில் முக்காடு போடுவார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்தால் போதும். எழுந்திருப்பது, உட்காருவது, முழங்காலிடுவது எல்லாம் போகப் போகப் பழகிவிடும். நன்மை வாங்க மட்டும் வரிசையில் போகாதீர்கள். அது ஞானஸ்நானம் பெற்று, முதல் நன்மை வாங்கிய கத்தோலிக்கர்களுக்கு உரியது. கோயில் பிரசாதம் மாதிரி எல்லாருக்கும் கொடுப்பதல்ல. இடத்திலேயே உட்கார்ந்திருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அந்த ஐந்து நிமிடம் உங்களுக்குக் கொஞ்சம் வலித்தால் அது நல்ல அறிகுறி.

கூடவே வீட்டில் படிக்க ஆரம்பியுங்கள். கத்தோலிக்கர்கள் வாசிக்கும் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995-ல் வந்தது. அதில் 73 நூல்கள். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே போன்ற சபைகளின் வேதாகமத்தில் 66. தொடக்கநூலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று கிளம்பி லேவியரில் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. மாற்கு நற்செய்தியை எடுங்கள். 16 அதிகாரம்தான். அப்புறம் லூக்கா, திருத்தூதர் பணிகள்.

பங்குத்தந்தையைப் பார்ப்பது

கத்தோலிக்க அமைப்பில் பங்கு என்பது பெரும்பாலும் எல்லை வைத்தது. எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்களோ அந்தத் தெரு எந்தப் பங்கில் வருகிறதோ, அதுதான் உங்கள் பங்கு. தெரியவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பத்திடம் "உங்க அன்பியம் எது?" என்று கேளுங்கள். அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற குழு. அந்த வழியாகப் போனால் தனியாகப் போய் நிற்கும் தயக்கமும் இருக்காது.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரைப் பிடிக்காதீர்கள். ஒருவர் வண்டியை மந்திரிக்கச் சொல்வார், ஒருவர் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்வார், இளைஞர் குழு சாவி கேட்கும். வாரநாளில் சாயங்காலப் பூசைக்குப் பிறகு போங்கள். "ஃபாதர், நான் இந்து குடும்பம். கொஞ்ச நாளா பூசைக்கு வர்றேன். ஞானஸ்நானம் பத்தித் தெரிஞ்சுக்கணும்" என்றால் போதும். "எடுக்கணும்" என்று உடனே சொல்ல வேண்டியதில்லை.

அவர் கேட்கக்கூடியவை: எப்படி இந்த எண்ணம் வந்தது, கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டில் தெரியுமா, யாராவது சொல்லி வந்தீர்களா. துருவித் துருவிக் கேட்பது சந்தேகத்தால் அல்ல. திருச்சபைச் சட்டப்படி வயது வந்தவர் தானாக விரும்ப வேண்டும், போதிய அளவு கற்றிருக்க வேண்டும், கிறிஸ்தவ வாழ்வில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், தன் பாவங்களுக்கு மனம் வருந்த வேண்டும். அதை உறுதிசெய்ய வேண்டியது அவர் பொறுப்பு. 14 வயதுக்கு மேற்பட்டவரின் திருமுழுக்கை ஆயருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். சென்னையில் அது சாந்தோமில் இருக்கும் பேராயர் இல்லம். கையால் எழுதிய விண்ணப்பமோ, "என் சொந்த விருப்பத்தில் சேர்கிறேன்" என்ற உறுதிமொழிப் பத்திரமோ கேட்டால் வியக்க வேண்டாம்.

முதல் சந்திப்பிலேயே "அடுத்த வாரம் வாங்க, கொடுத்துடலாம்" என்று ஒருவர் சொன்னால்தான் நீங்கள் தயங்க வேண்டும்.

படிக்கும் காலம்

முறைப்படி இது பல கட்டங்கள் கொண்டது. தொடக்கத் திருச்சபையில் வருடக்கணக்கில் நடந்த இந்த ஆயத்த முறை நடுவில் தேய்ந்துபோய், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1972-ல் புதிய சடங்கு நூலாக மீண்டும் வந்தது. முதலில் விசாரிக்கும் காலம். அப்புறம் கோயில் வாசலில் உங்களை வரவேற்று, நெற்றியில் சிலுவை அடையாளம் இடும் சடங்கு. அதிலிருந்து நீங்கள் திருமுழுக்குக்கு ஆயத்தமாகிறவர். பிறகு தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) தீவிரத் தயாரிப்பு, உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) இரவில் திருமுழுக்கு, அதற்குப் பின்னும் ஏழு வாரம்.

நம் பங்குகளில் இது எழுத்து பிசகாமல் நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில இடங்களில் ஆறேழு பேர் சேர்ந்த குழு இருக்கும். பல இடங்களில் நீங்கள் ஒருவர்தான், சொல்லிக்கொடுக்க ஒரு சிஸ்டர் அல்லது உபதேசியார். எப்படியானாலும் ஒரு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையோரப் பங்கு ஒன்றின் வகுப்பில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி ஏழரை மணி, பங்கு மண்டபம், பாதி எரிகிற டியூப்லைட், வெளியே ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் சத்தம். புயலில் படகின் பின்பக்கம் இயேசு தலையணை வைத்துத் தூங்கும் பகுதியை லாரி ஓட்டும் ஒருவர் விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தார். பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்: "அலை உள்ள வந்து அடிக்கும்போது எப்படி சிஸ்டர் ஒருத்தர் தூங்க முடியும்?" சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் இருந்து ஒரு மீனவர் சொன்னார்: "பகல் பூரா வேலை செஞ்சவன் தூங்குவான்மா. எழுப்புறவனுக்குத்தான் பயம்." அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது. மறைக்கல்வி நூலை மனப்பாடம் செய்வதைவிட இப்படி ஒன்று நடந்தால் போதும்.

என்றாலும் மனப்பாடமும் உண்டு. இயேசு கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம், நம்பிக்கை அறிக்கை, பத்துக் கட்டளை, ஏழு அருளடையாளங்கள் (திருமுழுக்கு, நற்கருணை, திருமணம் போன்ற புனிதச் சடங்குகள்) தெரிந்திருக்க வேண்டும். திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதே நான்கு தூண்களில்தான் நிற்கிறது: நம்புவது, கொண்டாடுவது, வாழ்வது, செபிப்பது.

சந்தேகங்களை வாய்விட்டுக் கேளுங்கள். "சிலை கும்பிடுறீங்களே?", "மாதாவும் சாமியா?", "பாவத்தை ஏன் ஒரு மனுஷன்கிட்ட சொல்லணும்?" எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். மாதாவை வணங்குகிறோம், ஆராதிப்பதில்லை. ஆராதனை கடவுளுக்கு மட்டும். இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம், மனதில் இறங்க மாதங்கள் ஆகும். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்திலிருந்து வருகிறவருக்கு இதுதான் பெரிய திருப்பம். அந்தோணியாரிடம் போவது நிற்காது. அவர் காட்டுகிற பக்கம் பார்க்க ஆரம்பிப்பீர்கள்.

வீட்டு விஷயங்கள்தான் இன்னும் சிக்கல். ஜாதகம், ஜோசியம், தாயத்து, செய்வினைக்குப் பரிகாரம் இவற்றை விட்டுவிட வேண்டும். இதில் திருச்சபை தெளிவாக இருக்கிறது. பொங்கல் தாராளமாக வைக்கலாம், பல கோயில்களில் பொங்கல் பூசையே உண்டு. அப்பாவின் திதிக்குப் போய் குடும்பத்தோடு நிற்பதா, அம்மா கொடுக்கும் படையல் சோற்றைச் சாப்பிடுவதா என்ற கேள்விகள் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய காலத்திலிருந்தே இருக்கின்றன. கொள்கை எளிது: கூட இருக்கலாம், வேறு தெய்வத்துக்கான வழிபாட்டில் நீங்கள் பங்கெடுக்கக் கூடாது. அதைச் சொந்த வீட்டில் எந்தக் குரலில் சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பூஜை அறைப் படங்களைத் தூக்கிப் போடுகிற புதுக் கிறிஸ்தவர் குடும்பத்தையும் இழந்து, சாட்சியையும் இழக்கிறார். அவை உங்கள் அம்மாவுடையவை. கை வைக்காதீர்கள்.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று யாராவது சொன்னால், போதனையில் இல்லை, ஆட்களிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறை இருந்த, இன்னமும் இருக்கும் ஊர்கள் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு வருவது, வந்தபின் அதிர்ச்சி அடைவதைவிட நல்லது.

பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் இன்னொன்று: நடுவில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கடலுக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும், சரியான நோக்கத்தோடு, தண்ணீர் ஊற்றி, மூவொரு கடவுளின் பெயர் சொல்லித் திருமுழுக்குக் கொடுக்கலாம். அதற்கும் வாய்ப்பில்லாமல் இறந்துபோனாலும், ஆயத்த நிலையில் இருப்பவரைத் திருச்சபை தன் பிள்ளையாகவே நினைக்கிறது. அடக்கச் சடங்கில் மற்ற விசுவாசிகளைப் போலவே நடத்தச் சொல்கிறது சட்டம்.

கல்யாண நிலவரம்

இதை ஃபாதரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் வெளியே வந்தால் எல்லாம் நிற்கும்.

ஞானஸ்நானம் பெறாத இருவர் இந்துக் கோயிலில் தாலி கட்டியோ ரிஜிஸ்டர் செய்தோ வாழ்கிறார்கள் என்றால் அது உண்மையான திருமணமே. ஒருவர் மட்டும் ஞானஸ்நானம் பெற்றாலும் அது அப்படியே தொடரும். இருவரும் பெற்றால் அந்தத் திருமணமே அருளடையாளமாகிவிடும், மறுபடி மாலை மாற்ற வேண்டாம். ஒருவர் ஏற்கெனவே கத்தோலிக்கராக இருந்து கோயிலுக்கு வெளியே கல்யாணம் செய்திருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும்; சின்ன வேலைதான். முதல் துணை உயிரோடு இருக்க இரண்டாவது கல்யாணம் என்றால் மறைமாவட்டத் தீர்ப்பாயம் வரை போகும், காலம் பிடிக்கும். பங்குத்தந்தை மனம் வைத்தாலும் அதைத் தாண்ட முடியாது.

சட்டம், சாதிச் சான்றிதழ், பெயர்

புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் இதைப் பேசாமல் வழிகாட்டி எழுதுவது ஏமாற்று வேலை.

விரும்பிய சமயத்தைப் பின்பற்றும் உரிமை அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004-ல் திரும்பப் பெறப்பட்டது.

பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் கவனமாகக் கேளுங்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயங்களில் இருப்பவர்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி. கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் நீங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வருவீர்கள். இடஒதுக்கீடு மாறும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகும். கோயிலில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு சமயம் என்று ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டே சலுகைக்காக இந்து என்று சொல்வதை அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்றது. இந்த விதியே அநியாயம் என்று தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். எனக்கும் அதே கருத்துதான். ஆனால் விதி மாறும் வரை இழப்பு உங்கள் பிள்ளைகளையும் தொடும். குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுங்கள். பழங்குடியினருக்கு இந்தச் சமயத் தடை இல்லை. மற்றச் சமூகத்தார் தங்கள் சாதி எந்தப் பட்டியலில் எப்படி வருகிறது என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

பெயர் மாற்ற வேண்டுமா? கட்டாயம் இல்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் வைக்கக் கூடாது என்பதுதான் விதி. அன்பு, அருள், செல்வி எல்லாம் அப்படியே இருக்கலாம். கூட ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அரசாங்கத் தாள்களில் மாற்ற விரும்பினால் அரசிதழில் வெளியிட வேண்டும். அது தனி வேலை, ஞானஸ்நானத்துக்குத் தேவையில்லை.

புனிதர் தேடுகிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: தேவசகாயம். 1712-ல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர். 1752-ல் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். வயது வந்தபின் சேர்ந்தவர், கல்யாணமானவர், சாமியார் இல்லை. நம்ம ஆள்.

ஞானப்பெற்றோர்

ஒருவர் போதும், இருவர் என்றால் ஒரு ஆண், ஒரு பெண். 16 வயது நிறைந்த, உறுதிபூசுதல் பெற்ற, ஒழுங்காக விசுவாச வாழ்வு வாழ்கிற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்ற தாய் தகப்பன் ஆக முடியாது. செயின் போடுகிற வசதியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவில்லை என்றால் போன் செய்து "ஏம்பா வரல?" என்று கேட்கிற ஆள் வேண்டும்.

தவக்காலத்திலிருந்து அந்த இரவு வரை

தவக்காலத்தின் முதல் ஞாயிறு அன்று, முறைப்படி ஆயர் முன்னிலையில், உங்கள் பெயர் தெரிவு செய்யப்பட்டவர்கள் பட்டியலில் ஏறும். மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் யோவான் நற்செய்தியின் மூன்று நீண்ட கதைகள்: கிணற்றடியில் சமாரியப் பெண், பிறவிக் குருடர், லாசர். தாகம், பார்வை, உயிர். ஒவ்வொரு வாரமும் உங்களுக்காகச் சபையே செபிக்கும். பங்கில் இந்தச் சடங்குகள் நடக்கவில்லை என்றாலும் அந்த மூன்று பகுதிகளையும் (யோவான் 4, 9, 11) நீங்களே உட்கார்ந்து படியுங்கள்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை இரவுதான் திருமுழுக்குக்கு உரிய நேரம். 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28 என்பதால் திருவிழிப்பு மார்ச் 27 இரவு. வேறு ஞாயிறுகளிலும் கொடுப்பதுண்டு, ஆனால் கேட்டு வாங்கியாவது அந்த இரவில் பெறுங்கள்.

விளக்கு எல்லாம் அணைந்திருக்கும். கோயில் முற்றத்தில் நெருப்பு மூட்டுவார்கள். அந்த வருட எண் பொறித்த பாஸ்காத் திரி என்ற பெரிய மெழுகுவத்தியில் அதிலிருந்து ஒளி ஏற்றி, இருட்டுக்குள் அதன் பின்னால் எல்லாரும் நடப்பார்கள். கடற்கரைப் பங்கு என்றால் காற்று சும்மா இருக்காது. உங்கள் மெழுகுவத்தி அணையும், பக்கத்தில் இருப்பவர் தன்னுடையதைச் சாய்த்து ஏற்றித் தருவார், அதுவும் அணையும். வாசகங்கள் நீளம்: படைப்பிலிருந்து தொடங்கி, செங்கடலைக் கடந்தது வழியாக வரும். குழந்தைகள் தூங்கிவிடும். உன்னதங்களிலே பாடும்போது மணி எல்லாம் ஒன்றாக அடித்து எழுப்பிவிடும்.

மறையுரைக்குப் பிறகு உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். புனிதர்கள் மன்றாட்டு மாலை பாடுவார்கள். சாத்தானை விட்டுவிடுகிறாயா, கடவுளை நம்புகிறாயா என்ற கேள்விகளுக்கு நீங்களே, சத்தமாக, பதில் சொல்ல வேண்டும். குழந்தைக்கு ஞானப்பெற்றோர் சொல்வார்கள். உங்களுக்காக யாரும் சொல்ல முடியாது. தலையில் மூன்று முறை தண்ணீர். வெள்ளை உடை, எரியும் திரி. பிறகு அதே பூசையிலேயே அதே குருவானவர் உறுதிபூசுதலும் கொடுப்பார். வயது வந்தவருக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் குருவுக்குச் சட்டமே அந்த அதிகாரத்தைத் தருகிறது. அப்புறம் முதல் நன்மை. நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை.

கட்டணம்? அருளடையாளத்துக்கு விலை கிடையாது. காணிக்கை உங்கள் இஷ்டம். பிரியாணி போட்டுக் கடன் வாங்காதீர்கள். வெள்ளைச் சட்டை ஒன்று, மாற்றுத் துணி ஒன்று, தலை துவட்டத் துண்டு ஒன்று. இவை போதும்.

அதற்குப் பிறகு

ஈஸ்டரிலிருந்து பெந்தகோஸ்து திருவிழா வரை 50 நாள். பெற்றது என்ன என்பதைப் புரிந்துகொள்ள ஒதுக்கிய காலம் இது. நடைமுறையில் இங்கேதான் பலர் தொலைந்துபோகிறார்கள். வகுப்பு முடிந்துவிட்டது, சிஸ்டர் அடுத்தவர்களைப் பார்க்கப் போய்விட்டார், கைதட்டல் ஓய்ந்துவிட்டது. அதனால் ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்பியக் கூட்டத்துக்குப் போங்கள், வின்சென்ட் தே பவுல் சபையோடு ஏழைக் குடும்பங்களைப் பார்க்கப் போங்கள், குரல் இருந்தால் பாடகர் குழு, ஒன்றுமில்லை என்றால் சனிக்கிழமை கோயில் கூட்டுகிறவர்களோடு சேர்ந்து துடைப்பம் பிடியுங்கள்.

ஞாயிறு பூசை இனி கடமை. வருடத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம், ஈஸ்டர் காலத்தில் நன்மை. ஞானஸ்நானத்துக்கு முந்தைய பாவங்களைச் சொல்ல வேண்டியதில்லை, அவை அங்கேயே கழுவப்பட்டாயிற்று. அதற்குப் பின் செய்ததைச் சொன்னால் போதும். முதல் முறை வரிசையில் நிற்கும்போது கால் நடுங்கும். "ஃபாதர், இதுதான் எனக்கு முதல் தடவை" என்று ஆரம்பியுங்கள், அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்.

அப்புறம் ஒரு காகித வேலை. உங்கள் திருமுழுக்குப் பங்குப் பதிவேட்டில் ஏறும். அந்த வாரமே அலுவலகத்துக்குப் போய்ப் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் வாங்குங்கள். பங்கின் பெயர், தேதி, பதிவு எண் இவற்றைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு எண்ணூருக்கோ மீஞ்சூருக்கோ வீடு மாறினாலும், கோயிலில் கல்யாணம் செய்தாலும், கேட்டு வருவது அந்தப் பதிவேட்டைத்தான்.